சுழலும் பாத்திரத்துக்குள் என் ஈரல்

நோய் மனிதரைப் பண்படுத்தும் என்று எழுதியவர்களில் ஒருவர்கூடக் கொழும்பில் ஒரு நிபுணரைச் சானல் பண்ணி, அதாவது காசு கட்டி இலக்கம் எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் கதிரையில் காத்திருந்திருக்க மாட்டார். என்னை எந்த நோயும் பண்படுத்தவில்லை. வாய்க்காரியாகப் போனேன், வாய்க்காரியாகவே திரும்பி வந்தேன். இதை எழுதக் காரணம், "இப்ப எப்பிடி இருக்கு?" என்று கேட்டுவிட்டு நான் வாய் திறக்கும் முன்னரே தங்கள் பெரியம்மாவுக்கு வந்த கட்டியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கும் மனிதர்கள்தான். கேட்க விரும்பியதெல்லாம் இங்கே இருக்கிறது. வாசித்துவிட்டு வீட்டுக்கு வராமல் இருந்தால் புண்ணியம்.

நான் பிறந்தது கொட்டாஞ்சேனையில், கல்யாணம் கட்டி வந்தது வெள்ளவத்தைக்கு. பல்கலைக்கழகத்தில் கல உயிரியல் படிப்பிக்கிறேன். கணவர் காப்புறுதிக் கொம்பனி ஒன்றில் இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் வீட்டு வழக்கப்படி அவரை இனி இவர் என்றே சொல்வேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் போய்விட்டால் இவருக்கு மிச்சமிருப்பது இவருடைய அக்கா மட்டும்தான். அந்தத் தண்டனையை என் எதிரிக்கும் நான் விரும்பமாட்டேன்.

என் ஆராய்ச்சியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் இந்தக் கதை நகராது. ஈரலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தால் மிச்ச ஈரல் வளர்ந்து பழைய அளவுக்கு வந்துவிடும். வந்ததும் நின்றுவிடும். வளர்வதைவிட அப்படி நிற்பதுதான் பெரிய காரியம். வளரத் தெரிந்து நிற்கத் தெரியாத கலங்களைத்தான் புற்றுநோய் என்கிறோம். போதும் என்ற செய்தி ஒரு கலத்துக்கு எங்கிருந்து வருகிறது, ஏன் சில கலங்களுக்கு அது வருவதே இல்லை என்பதுதான் என் கேள்வி. கண்ணாடித் தட்டில் வளர்த்தால் கலங்கள் அடியில் போய் ஒட்டித் தோசை போலத் தட்டையாகக் கிடக்கும்; உடம்புக்குள் அவை அப்படி இருப்பதில்லை. விண்வெளியில் எடை இல்லை, ஆகவே அடி என்ற ஒன்றும் இல்லை. அங்கே கலங்கள் ஒன்றையொன்று பிடித்துப் பந்தாகத் திரளும், உடம்புக்குள் இருப்பதுபோல ஓரளவு நடந்துகொள்ளும். எங்களிடம் ரொக்கட் இல்லை. ஆகவே ஒரு சின்னப் பாத்திரத்தைச் சத்துநீரால் நிரப்பி மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருக்கிறோம். கலம் கீழே விழத் தொடங்கும், அதற்குள் கீழ் மேலாகிவிடும். விழுந்துகொண்டே இருக்கும், ஒருநாளும் போய்ச் சேராது. விண்வெளியை நோக்கி எங்களால் போகக்கூடிய தூரம் அவ்வளவுதான்.

இதை ஒருமுறை மச்சாளுக்கு, அதாவது இவருடைய அக்காவுக்கு, விளங்கப்படுத்தினேன். ஹெவ்லொக் டவுனில் வசிக்கும் அந்த அறிவாளி முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னா: "கறண்ட் நிக்காமல் இருந்தாலே பெரிய விசயம் இந்த நாட்டில. இதுக்குள்ள உமக்கு விண்வெளியோ?"

வருத்தம் தொடங்கியது வலது விலாவுக்குக் கீழே ஒரு கனமாக. நான் வாய்வு என்றேன். கொத்துரொட்டியில் பழி போட்டேன். இவர்தான் விடாப்பிடியாக ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனார். ஸ்கேன் செய்த டொக்டர் வயிற்றில் களியைப் பூசிக்கொண்டே காலி வீதி வாகன நெரிசலைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். நடுவில் கதையை நிறுத்தினார். கருவியை ஒரே இடத்தில் வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தார். பிறகு அவர் வாகன நெரிசலுக்குத் திரும்பவே இல்லை. ஒரு மனிதர் வாயை மூடியதற்கு நான் வருத்தப்பட்டது வாழ்நாளில் அந்த ஒரு முறைதான்.

ஈரலில் ஒரு கட்டி. பெரிய ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். குழாய்க்குள் படுக்கவைத்து, மண்டைக்குள் ஆணி அடிப்பதுபோலச் சத்தம் போட்டு, கடைசியில் சொன்னது இதுவாகவும் இருக்கலாம் அதுவாகவும் இருக்கலாம் என்று. இப்படி ஒரு விடையை என் மாணவர் எழுதினால் சிவப்புப் பேனையால் கீறிவிடுவேன்.

பிறகு நிபுணர். அவரைச் சானல் பண்ணியவர்களின் கூட்டத்தை எந்த மரியாதையான வார்த்தையாலும் சொல்ல முடியாது. மாலையில் வருவார் என்று சொன்ன மனிதர் வரும்போது எதிர்க் கதிரைக் கிழவர் இருமுறை நித்திரை கொண்டு எழும்பிவிட்டார். டிவியில் யாரோ கேக் செய்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் தங்கள் இலக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, மற்றவரின் இலக்கத்தை எட்டிப் பார்த்தபடி இருந்தார்கள். நோயாளிகளுக்குள் ஒரு சகோதரத்துவம் வரும் என்று சொல்வார்களே, சுத்தப் பொய். எனக்கு முன்னால் உள்ளே போனவர் கெதியாக வெளியே வராததற்காக நான் அவரை மனதார வெறுத்தேன்.

நிபுணர் யாழ்ப்பாணத்து ஆள். உள்ளே போனதும் என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார்.

"உங்கட மிஸிஸ் என்ன செய்யிறா?"

"மிஸிஸுக்கு வாய் இருக்கு, டொக்டர்," என்றேன்.

இவர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். நிபுணருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. இரண்டு சாத்தியம் இருப்பதாகச் சொன்னார். ஒன்று புற்றுநோய், அப்படியென்றால் ஈரலின் வலப்பக்கத்தைக் கெதியாக வெட்டி எடுக்க வேண்டும். மற்றது தீங்கில்லாத வளர்ச்சி. அதைத் தொடவே தேவையில்லை. எது என்று தெரிய ஊசி போட்டு நூல் நூலாகக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

"அதில ஒரு நூல் எனக்கு வேணும்," என்றேன்.

"என்னத்துக்கு?"

"வளர்க்க."

அப்போதுதான் அந்த மனிதர் என் முகத்தை முதல்முறையாகப் பார்த்தார். நோயாளிகளின் சதையை வாங்கி வளர்க்க எங்கள் ஆய்வுகூடத்துக்கு ஏற்கனவே அனுமதி இருந்தது. இந்த முறை நோயாளி நான், அவ்வளவுதான் வித்தியாசம் என்று விளங்கப்படுத்தினேன். ஓம் என்றுவிட்டார். திரும்பி வரும்போது திரீவீலுக்குள் இவர் கேட்டார்: "ஏனப்பா, அது என்ன நாய்க்குட்டியே, வளர்க்கிறதுக்கு?"

"உங்களுக்கு விளங்காது."

"விளங்காதுதான். எனக்கெண்டால் அது போய்த் துலைஞ்சால் காணும்."

இனி வருவது எங்கள் தொழில் தெரிந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம். சதையை இரண்டு விதமாக வைக்கலாம். ஃபோர்மலினில் போட்டால் அது அந்தக் கணத்தோடு செத்து, இருந்த கோலத்திலேயே நின்றுவிடும். நோயியல் நிபுணர் அதை மெல்லிசாகச் சீவி நுணுக்குக்காட்டியில் பார்த்து இன்னதென்று சொல்வார். நாங்கள் செய்வது மறுபக்கம். எங்களுக்குச் சதை உயிரோடு வேண்டும், ஆகவே இளஞ்சிவப்பு நிறச் சத்துநீரில் போடுவோம். எங்கள் கல அறைக்குள் ஃபோர்மலின் வரவே கூடாது. அதன் ஆவி பட்டாலே கலங்கள் சாகும். காலையில் ஃபோர்மலினைத் தொட்டவர் அன்று முழுக்க அந்தக் கதவைத் தாண்ட முடியாது. விரதச் சட்டியில் மீன் மச்சம் படாததுபோல இதை நாங்கள் கட்டிக்காத்து வருகிறோம்.

அந்த விரதத்தை என்னைவிடக் கடுமையாகப் பிடிப்பவர் நஸீர். மருதானைக்காரர், எங்கள் ஆய்வுகூடத்தின் தொழினுட்ப உத்தியோகத்தர், என் வயது மனிதர். ஆஸ்பத்திரிப் போத்தல்களில் எனக்கு நம்பிக்கை இல்லாதபடியால், நல்ல சுத்தமான போத்தல் இரண்டு கொண்டுவரும்படி அவரிடம் சொன்னேன். கொண்டுவந்தார். இரண்டிலும் இளஞ்சிவப்புச் சத்துநீர். எங்கள் உலகத்தில் போத்தல் என்றால் அதுதான். நானும் பார்த்தேன், மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று. தாதியும் பார்த்தா, பல்கலைக்கழகத்துப் போத்தல் என்று மரியாதையாக வாங்கினா. ஒரு போத்தலை நஸீர் ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனார். மற்றதை, இங்கே வழக்கமாக நடப்பதுபோல, வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்கள். இவர் அதைப் பொரளையில் ஒரு நோயியல் நிபுணரின் இடத்தில் ஒப்படைத்தார். மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை, அதோடு ஒட்டிச் சனி ஞாயிறு. இதுவும் ஃபோர்மலின்தான் என்று நினைத்து, அதில் இருக்கும் சதைக்கு அவசரமில்லை என்று அவர்கள் அதைத் தட்டில் வைத்துவிட்டு லீவில் போனார்கள். ஒவ்வொருவரும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள்.

எனக்கு இதொன்றும் அப்போது தெரியாது. ஊசி போட்ட இடத்தில் உள்ளுக்குள் இரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. ஆயிரத்தில் யாருக்கோ வரும் என்று புத்தகத்தில் போடுவார்களே, அந்த யாரோ நான். தோள்பட்டையில் ஒரு நோவு, பிறகு கண் இருட்டிக்கொண்டு வந்தது. வாட்டுக்குக் கொண்டுபோய், இரத்தம் ஏற்றி, ஆடாமல் அசையாமல் கிடக்கச் சொன்னார்கள். "ஆன்ட்டி, ஹெலவென்ன எப்பா," அசையாதீங்க என்று சிங்களத் தாதி ஒருத்தி வரும்போதும் போகும்போதும் அதட்டினாள். அந்த வாட்டிலேயே எனக்குப் பிடித்த ஒரே ஆள் அவள்தான். அவள் என்னைத் தைரியமாக இருக்கச் சொல்லவில்லை.

மற்ற எல்லோரும் சொன்னார்கள். படுத்திருப்பவள் ஓடமுடியாது என்பது கொழும்புத் தமிழருக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. கொட்டாஞ்சேனையில் இருந்து என் சித்தி அந்தோனியார் எண்ணெயோடு வந்து நெற்றியில் சிலுவை போட்டா. அதை மன்னித்துவிடலாம், அவ பேசாமல் இருந்தா. மச்சாள் வந்தது வெறுங்கையோடு அல்ல. முதல் நாள் கீழ்க்காய்நெல்லிச் சாறு. மறுநாள் பளபளக்கும் பைக்கற்றுகள். யாரோ வெள்ளவத்தையில் ஆள் சேர்த்து ஆள் சேர்த்து விற்கும் பவுடர்.

"ஸ்டெம் செல் எண்டு போட்டிருக்கு. அப்பிள்ல இருந்து எடுக்கிறதாம். ஈரலைப் புதுசாக்குமாம்."

"மச்சாள், அப்பிள் கலம் அப்பிளைத்தான் செய்யும். ஈரலைச் செய்யாது."

"உமக்கு எல்லாத்துக்கும் ஒரு நொட்டை. விக்கிறவர் தன்ர வாயால சொன்னவர், ஒரு கான்சர் காரருக்குச் சுகம் வந்தது எண்டு."

"அப்ப அவரையே போய்ச் சுகமாக்கச் சொல்லுங்கோ, மகரகமைக் கான்சர் ஆஸ்பத்திரியில நிறையப் பேர் கிடக்கினம்."

அழுதுகொண்டு போனா. என் வாழ்க்கையில் அரைவாசியை நான் கலம் எப்படி மீள வளர்கிறது என்று பார்ப்பதில் செலவழித்திருக்கிறேன், இன்னும் பாதி விளங்கவில்லை. இவர்கள் அதைப் பைக்கற்றில் போட்டு வெந்நீரில் கலக்கிக் குடிக்கச் சொல்கிறார்கள். எரிச்சல் வராமல் என்ன வரும்?

இவர் ஒன்றும் விற்கவில்லை. என் சீப்பைக் கழுவிக்கொண்டு வருவார். இரவுச் சட்டையை இஸ்திரி போட்டு மடித்துக்கொண்டு வருவார், ஆஸ்பத்திரிக் கட்டிலில் யார் மடிப்பைப் பார்க்கப்போகிறார்கள் என்று நான் கேட்டும். எனக்குத் தண்ணீர்கூடத் தராத நாளில் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து, மூடியைத் திறந்து என் மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். "மணத்தையாவது பிடியும்," என்றார். அந்த மனிதரை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது!

லீவு முடிந்த அன்று நோயியல் நிபுணர் போன் பண்ணினார். சிங்கள அம்மா ஒருவர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"இந்தப் போத்தலுக்குள்ள என்ன ஊத்தினீங்க? ஸ்ட்ரோபெரி ஜூஸா?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. நஸீர் கொண்டுவந்த இரண்டு போத்தலிலும் ஃபோர்மலின் இல்லை.

"செத்த சதையை எனக்குப் பார்க்கத் தெரியும். அழுகின சதையை வைத்து நான் என்ன செய்ய? ஒன்றும் சொல்ல முடியாது."

அந்த வாட்டில் என் தவறுக்கு ஒரு விலை போடப்பட்டது. யாழ்ப்பாணத்து நிபுணர் வந்து, ஈரல் நன்றாக ஆறும்வரை இன்னொரு ஊசியை அதற்குக் கிட்டவும் கொண்டுபோகமாட்டேன் என்றார். புற்றுநோயாக இருந்தால் அவ்வளவு காலம் காத்திருப்பதும் சரியில்லை. "சந்தேகத்தை வைச்சே வெட்டுறதைப் பற்றி யோசிக்கலாம்," என்றார். அதாவது ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம் என்ற ஒரு கட்டிக்காக என் ஈரலில் பாதிக்கு மேல். இவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

என் உடம்பில் இருந்து எடுத்த சதையில் கெடாமல் இருந்தது ஒரே ஒரு நூல். அது ஆய்வுகூடத்தில், சுழலும் பாத்திரத்துக்குள், உயிரோடு இருந்தது.

நோயியல் அம்மாவிடம் அதைச் சொன்னேன். "அப்ப அதைக் கொன்றுபோட்டு அனுப்புங்க," என்றார், மீனைக் கழுவி அனுப்பச் சொல்வதுபோல.

நான் அனுப்பவில்லை. கொஞ்ச நாள் பொறுங்கள் என்றேன். நானே கண்டுபிடித்துவிடுவேன் என்ற எண்ணம். சாதாரண ஈரல் துண்டு எங்கள் பாத்திரத்துக்குள் சும்மா சுற்றிக்கொண்டு கிடக்கும். புற்றுநோய்க் கலம் பந்தாகி நிற்காமல் வளரும். வளர்ந்தால் புற்றுநோய், வளராவிட்டால் இல்லை. செத்த சதையைப் பார்த்து ஊகிப்பவர்களைவிட உயிரோடு வளர்த்துப் பார்க்கும் நான் எவ்வளவோ மேல் என்று நினைத்தேன். நஸீர் நாள்தோறும் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார்.

அது வளர்ந்தது.

முதலில் நூல் சுருண்டது. பிறகு நுனிகள் மழுங்கி உருண்டையானது. பிறகு ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்தது. படிப்பித்துப் படிப்பித்துப் பழகிய விடை என் கண் முன்னால் உருண்டு திரண்டு வந்துகொண்டிருந்தது. எனக்குப் பயம். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, எரிவாயுச் சிலிண்டரை எப்படி மாற்றுவது, மிளகாய்த்தூள் யாரிடம் இடிப்பது என்று இவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். இவர் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கேக்கிறீங்களோ?" என்றால் "இல்லை," என்று பதில் சொன்னார்.

ஒரு பின்னேரம், பார்வையாளர் நேரத்தில், நஸீர் வீடியோவில் வந்தார். பாத்திரத்தைக் கமராவுக்கு முன்னால் பிடித்தார். ரோஜா நிறத் தண்ணீருக்குள் என்னுடைய ஒரு பொட்டு, விழுவதும் விழாததுமாய்ச் சுற்றிக்கொண்டிருந்தது.

"மிஸ், பாருங்க, எவ்ளோ பெருசா ஈக்கிது! இந்த மெஷின்ல இவ்ளோ நல்லா ஒண்ணும் வந்தில்ல."

"ஓரத்தைக் காட்டும். ஓரம் வழுவழுப்பா இருக்கோ? அட, அருமையா வந்திருக்கு! இன்னும் ஒரு கிழமை விட்டுப் பாப்பம் நஸீர்."

என்னை அறியாமல் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். இவர் என் கையில் இருந்த போனை வாங்கி, நஸீருக்கு ஒன்றும் சொல்லாமல், நிறுத்தினார். கல்யாணம் கட்டிய நாளில் இருந்து இவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அன்றைக்குப் பக்கத்துக் கட்டில்காரியின் விருந்தாட்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது வளருதெண்டு ரெண்டு பேரும் சந்தோசப்படுறியள். அது உம்மைத் தின்னுற சாமான் எண்டால்? அதுக்குத் தீனி போட்டு வளர்க்கிறியள்!"

"இது வளர்ந்தால்தான் என்னெண்டு தெரியும். உங்களுக்கு…"

"விளங்காது. ஓம், விளங்காது. எனக்கு உம்மட ஆராய்ச்சி வேண்டாம். நீர் இருப்பீரோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியவேணும். அந்த அம்மா பாத்துச் சொல்லுறன் எண்டு சொல்லுறா, நீர் குடுக்க மாட்டன் எண்டுறீர். ஏனப்பா? ஏன்?"

அந்தப் பந்து சுற்றிக்கொண்டிருக்கும்வரை விடை வராது என்பதுதான் உண்மை. இன்னும் ஒரு கிழமை, இன்னும் ஒரு கிழமை என்று நான் கேட்டது ஆராய்ச்சிக்காக இல்லை. தெரியாமல் இருப்பதற்காக.

"எனக்குப் பயமா இருக்கு," என்றேன்.

"எனக்கும்தான்," என்றார். சொல்லிவிட்டு என் பக்கத்துக் கட்டில்காரியிடம் சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். அப்படிப்பட்ட மனிதர்.

வீட்டுக்குப் போகலாம் என்று வாட்டில் துண்டு வெட்டிய அன்றே வீட்டுக்குப் போகாமல் நேரே ஆய்வுகூடத்துக்குத் திரீவீலை விடச் சொன்னேன். ஒவ்வொரு குழியிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். நஸீருக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அவர் வாசலில் நின்றார்.

"மிஸ், எனக்கு ஏலா. எவ்வளவு கஷ்டப்பட்டு வளர்த்த."

"உம்மை ஆர் செய்யச் சொன்னது? பாத்திரத்தை வெளியில கொண்டு வாரும்."

கல அறைக்குள் ஃபோர்மலின் போகக்கூடாது அல்லவா? இவ்வளவு நடந்த பிறகும் அந்த விரதத்தை நாங்கள் இருவரும் மீறத் தயாராக இல்லை. நஸீர் மெஷினை நிறுத்தினார். நின்றதும் அந்தப் பொட்டு மெதுவாக இறங்கி முதல்முறையாக அடியில் போய் இருந்தது. அதைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்து கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். இவர் என் முழங்கையைத் தாங்கிக்கொண்டு நின்றார். நான் ஒரு சின்னப் போத்தலில் ஃபோர்மலினை ஊற்றி, அந்தப் பந்தை உறிஞ்சி எடுத்து, அதற்குள் விட்டேன். மூக்கு எரிந்தது. நஸீர் மற்றப் பக்கம் திரும்பி நின்றார். கொஞ்ச நேரத்தில் பந்து வெள்ளையாகி இறுகிவிட்டது. இவர் அந்தப் போத்தலைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பொரளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். இந்த முறை, கொடுக்கும்போது மூடியைத் திறந்து மணந்து பார்க்கச் சொன்னாராம்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. கடல் பக்கத்து யன்னலைத் திறந்துவைத்துக் கொண்டு கட்டிலில் கிடந்தேன். கீழே தண்டவாளத்தில் கோச்சி போனால் கட்டில் ஆடும். மச்சாள் போன் பண்ணினா, நான் எடுக்கவில்லை. வலப்பக்கத்தை வெட்டினால் மிச்சம் வளருமா என்று என்னையே கேட்டேன். வளரும், அதுதான் என் பாடம். புற்றுநோய்க் கலம் ஒன்று மிஞ்சியிருந்தால் அதுவும் அதே சத்தில் வளரும், அதுவும் என் பாடம். என் தொழில் எனக்கு ஒரு நாளும் இவ்வளவு அருவருப்பாக இருந்ததில்லை.

நோயியல் அம்மா எங்களை நேரில் வரச் சொன்னார். நேரில் வரச் சொன்னால் கெட்ட செய்திதான் என்று இவர் அந்த நிமிடமே முடிவுகட்டிவிட்டார். பொரளைச் சந்தியில் பஸ் ஹோர்ன் காதைப் பிய்த்தது. அந்த அம்மா நுணுக்குக்காட்டிக்கு முன்னால் என்னை இருத்தி, பாருங்கள் என்றார்.

"நீங்கள் வளர்த்தது எது தெரியுமா?"

பார்த்தேன். பந்தின் வெளித்தோலில் நீள நீளமான கலங்கள், ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. நார் பின்னும் கலங்கள். எந்தக் காயத்திலும் முதலில் ஓடிவந்து குவிபவை. எந்தச் சதையை வளர்த்தாலும் ஓரத்தில் களை மாதிரி முளைப்பவை. முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு நான் முதல் வாரத்தில் சொல்லும் எச்சரிக்கை அது.

"தழும்பு," என்றேன். "நான் வளர்த்தது தழும்பு."

"ஈரல் உள்ளே இருக்கு. நடுவில கொஞ்சம் செத்திருக்கு, ஆனால் பார்த்துச் சொல்ல எனக்குக் காணும். அமைதியான கலங்கள். கொஞ்சம் நார், சின்னச் சின்னப் பித்தக் குழாய்கள். சாயம் போட்டும் பார்த்தேன். உங்கட ஈரலுக்குள்ள ஓர் இரத்தக் குழாய் கோணலா ஓடியிருக்கும். அந்த இடத்தில ஈரல் தன்னைப் பழுதுபார்க்கப்போய்க் கொஞ்சம் கூடுதலா வளர்ந்திருக்கு. வளர்ந்து, நின்றும் விட்டது. அதைத் தொடத் தேவையில்லை. நான் நேரில் வரச் சொன்னது இதுக்காக இல்லை. ஒரு பேராசிரியை எனக்கு ஜூஸில சதை அனுப்பினா, அந்த முகத்தை ஒருக்கால் பார்க்கவேணும் போல இருந்தது."

அவமானத்தில் காது சுட்டது. ஆங்கிலமும் சிங்களமும் மருத்துவ வார்த்தையுமாகக் கலந்து நடந்த இந்தக் கதையில், பயத்தில் நின்ற இவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வெளியே வந்து வாசல்படியில் என்னை மறித்தார்.

"என்னவாம்?"

"பொக்கல் நொடியுலர்… பேர் இருக்கு. மீளுருவாக்கம் ஓரிடத்தில அளவு மீறி…"

"பேர் வேண்டாம். நீர் சாகமாட்டீரோ?"

"இதால சாகமாட்டன்."

இவர் அந்தப் படியிலேயே குந்திவிட்டார். இருந்து, வாயைத் திறந்து, சின்னப் பிள்ளைபோலச் சத்தமாக அழுதார். பஸ்ஸுக்கு நின்ற சனம் முழுவதும் திரும்பியது. "எழும்புங்கோ, சனம் பாக்குது," என்று அதட்டினேன். எழும்பவில்லை. என் கையைப் பிடித்தபடி அழுதுகொண்டே இருந்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பக்கத்தில் இருந்தேன். சனம் பார்த்தது. பார்க்கட்டும், வேறு வேலை இல்லாத கூட்டம் என்று நானும் அழுதேன்.